நார்மல் எம்.எம்.!

சைக்கிள் வாங்கப் போனா, எங்க ஓட்டப் போறீங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாய்ங்க! கலர் கேக்குறாய்ங்க, பட்ஜெட் கேக்குறாய்ங்க, "உடம்பைக் குறைக்கவா மேடம்?"னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாய்ங்க. நான் போற ரோடு எப்படி இருக்கும்னு கேக்க மட்டும் வாய் வராது.

நேத்து சாயங்காலம் மதுரை டவுனுக்குள்ள ஒரு கடை. பேரு எதுக்கு, எல்லாம் ஒரே ரகந்தான். துணைக்குத் தம்பி வந்தான். அவன் சைக்கிளைத் தொட்டு எத்தனையோ வருசம் ஆச்சு, வந்ததே பக்கத்துல ஜிகர்தண்டா கிடைக்கும்னுதான். ரோட்டு சைக்கிளுக்கும் மேடுபள்ளத்துல ஓட்டுற சைக்கிளுக்கும் நடுவுல வர்ற ரகம் ஹைப்ரிட். அதுல ஒண்ணைக் காட்டி, டயர் அகலத்தைப் பத்தி நான் கேட்டது ஒரே கேள்வி. "இந்த ஹைப்ரிட்டுல டயர் எத்தனை எம்.எம்.?" கடைக்காரர் என்னைப் பாத்தார். அப்படியே திரும்பி என் தம்பிகிட்ட, "சார், அக்காவுக்குக் கூடை வச்ச மாடல் இருக்கு, பிங்க்குலயும் வரும்"ங்குறார்.

"டயர் கேட்டேண்ணே."

"டயர்லாம் நல்ல டயர் சார்." இதுவும் தம்பிகிட்டதான். அவன் வேற தலையாட்டுறான். எதுக்குடா ஆட்டுற?

"எத்தனை எம்.எம்.?"

"நார்மல் எம்.எம்.தான் சார்."

நார்மல் எம்.எம்.! நானே குனிஞ்சு, டயர் ஓரத்துல இருந்த தூசியைத் துடைச்சுப் பாத்தா, 700-க்கு 38-ன்னு, அதாவது அகலம் 38 எம்.எம்.னு, கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்கு. கம்பெனிக்காரன் டயர் மேலேயே எழுதி அனுப்பியிருக்கான், வாசிச்சுச் சொல்றதுக்கு இவருக்கு என்ன நோவுன்னு தெரியல.

சரி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமான்னு கேட்டேன். சொத்துல பங்கு கேட்ட மாதிரி முழிக்கிறார். "ஓட்டுனா செகண்ட்ஸ் ஆயிரும்ல சார்." சின்ன சைஸ் பிரேம்? "ஒரே சைஸ்தான் சார், சீட்டை இறக்கிக்கலாம்." சீட்டை இறக்குனா கால் எட்டும். ஹேண்டில்பார் எந்திரிச்சு நம்ம பக்கம் வருமா? கையை நீட்டி நீட்டியே கழுத்தும் தோளும் போயிரும். அதுக்கு அப்புறம் பிசியோதெரபிக்கு யார் துட்டு குடுக்குறது, இவரா?

இந்த நேரம் பாத்து உள்ள வந்தார் ஒரு இறுக்க டிரவுசர். ரைடராம். யாரும் கேக்காமலே ஆரம்பிச்சுட்டார். "ஹைப்ரிட் வேஸ்ட் மேம். ஆறே மாசத்துல ரோடு பைக்குக்கு வந்துருவீங்க. நேரா அதையே எடுங்க." ரோடு பைக்குன்னா ஒல்லி டயர் வச்ச, வேகமா ஓட்டுற சைக்கிள். தன் சைக்கிள் எவ்வளவு லேசுன்னு ஒரு பிரசங்கம் வேற. ஏன்ப்பா, பந்தயத்துல ஓட்டுற சைக்கிளே 6.8 கிலோவுக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னு உலக சைக்கிள் பந்தய அமைப்பு யூ.சி.ஐ. விதி வச்சிருக்கு. நான் என்ன பந்தயம் ஓட்ட பிரான்சுக்கா போறேன்? திருநகர்ல இருந்து பழங்காநத்தம் போயி, வர்ற வழியில ரெண்டு கிலோ தக்காளி வாங்கணும். அந்தத் தக்காளியை எங்க தொங்கவிடுறது? அவர் காட்டுன ரோடு பைக்குல கேரியர் மாட்ட ஒரு ஓட்டை கூட இல்ல. ஸ்டாண்டு இல்ல, மட்கார்டும் இல்ல.

விடியக்காலை ரிங் ரோட்டுல கூட்டமா சேந்து பறக்குறவங்களுக்கு அது சொர்க்கந்தான், இல்லைங்கல. ஆனா நம்ம தெருவுல முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்குன்னு ஒருதடவை, பாதாள சாக்கடைக்குன்னு ஒருதடவை தோண்டி, மண்ணை மட்டும் தள்ளி மூடிட்டுப் போயிருக்காய்ங்க. அதுல 25 எம்.எம். டயர்ல 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல கல்லு மாதிரி காத்தை அடைச்சுக்கிட்டுப் போனா ஒவ்வொரு ஜல்லிக்கல்லும் மணிக்கட்டுல வந்து பேசும். பஞ்சரானா இன்னும் விசேசம். ரோடு பைக்குல வர்ற அந்த ஒல்லி பிரெஞ்சு வால்வுக்கு நம்ம தெருமுனைப் பஞ்சர் கடை பம்பு சேராது, அடாப்டர் வேணும். நான் பாத்த ஹைப்ரிட்டுல இருந்தது என் ஸ்கூட்டியில இருக்குற அதே வால்வு. கீழக்குயில்குடிப் பக்கம் வெயில்ல சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றவளுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

இம்புட்டையும் மூச்சுவிடாம சொல்லி முடிச்சேன். கடைக்காரருக்கு ஒண்ணே ஒண்ணுதான் காதுல விழுந்திருக்கு, பள்ளம். உடனே முன்னால ஸ்பிரிங் வச்ச ஒரு ஹைப்ரிட்டை இழுத்துட்டு வந்து, "அப்ப இதான் சார் கரெக்டு"ங்குறார். அந்த விலைக்கு வர்ற ஸ்பிரிங் ஃபோர்க்கு, அதான் முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை, கனமும் ஜாஸ்தி, எந்திரிச்சு நின்னு மேடு ஏறுனா நம்ம மிதிக்கிற மிதியில ஒரு பங்கை அதுவே முழுங்கிரும். ஆடாத சாதா ஃபோர்க்கு, 35-க்கு மேல டயர், சின்ன பிரேம். இந்த மூணும் ஒரே சைக்கிள்ல இருந்தா போதும்யா, நான் என்ன நிலாவையா கேட்டேன்?

பேரனுக்கு சைக்கிள் பாக்க வந்த ஒரு பெரியவர் பூரா நேரமும் ஸ்டூல்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தார். விலைச்சீட்டை ஒருதடவை திருப்பிப் பாத்துட்டு, "ஏம்மா, இந்தத் துட்டுக்குப் பழைய டி.வி.எஸ். 50 வாங்கிரலாமே"ன்னார். அந்தக் கடையில என் மூஞ்சியைப் பாத்துப் பேசுன ஒரே ஆம்பளை அவருதான். சிரிச்சுட்டேன். வேற என்ன பண்றது?

கிளம்புறப்ப கடைக்காரர் தம்பி தோள்ல கையைப் போட்டு, "வீட்ல கலந்துக்கிட்டு வாங்க சார், உங்களுக்காக ரேட்டு பாத்துப் போட்டுத் தர்றேன்"ங்குறார். இவனும் "சரிண்ணே"ங்குறான்!

வெளிய வந்தா என் ஸ்கூட்டிக்குக் குறுக்க எவனோ ஒரு புல்லட்டை நிறுத்திட்டுப் போயிருக்கான். முன்னாடியும் எடுக்க முடியல, பின்னாடியும் எடுக்க முடியல. நகத்திப் பாப்போம்னு தம்பி கை வச்சான், அசையல. சைடு லாக்கு. இந்த ஊர்ல வண்டியை இப்படி நிறுத்துறவனையெல்லாம் என்னதான் பண்றது, சொல்லுங்க?