ராச்டேல் யாரோ ஊர்க் கதை இல்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள். இங்கிலாந்தில் ராச்டேல் ஊர்த் தொழிலாளிகள் திறந்த கூட்டுறவுக் கடையைப் பற்றி நான் பேசி உட்கார்ந்ததும் நன்றியுரைக்கு வந்த பெரியவர், "வெள்ளைக்காரன் மில்லு ஊர்க் கதையெல்லாம் நமக்கு எதுக்கு? நம்ம ஊர்ல வரலாறு இல்லையா?" என்று கேட்டார். கை தட்டினார்கள். தட்டியவர்களில் நாலைந்து பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

எதற்கு என்று கேட்டார் அல்லவா, சொல்கிறேன்.

ராச்டேல் மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள நெசவு ஊர். முதலில் ஃபிளானல் கம்பளித் துணி, அப்புறம் பருத்தி. கைத்தறிக்காரன் விசைத்தறியிடம் தோற்றுக்கொண்டிருந்த காலம். கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள், அதிலும் தோற்றார்கள். மளிகைக் கடைக்காரன் மாவில் கலப்படம் செய்தான், கடன் நோட்டில் ஆளையே கட்டிப்போட்டான். 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் தெருவில் 28 பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு, ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, அவ்வளவுதான் சரக்கு.

கூட்டுறவு இயக்கத்துக்காகப் பேசியும் எழுதியும் வந்த ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக், அந்தக் கடையைப் பற்றி 1858இல் எழுதிய புத்தகத்தில் அந்த இரவு வருகிறது. நூல் சுற்றிய பாபின்களைக் கழற்றி மாட்டும் மில் பையன்கள் தெருவில் கூடிக் கூச்சல் போடுகிறார்கள். "கிழட்டு நெசவாளிங்க கடை திறந்தாச்சு" என்று கேலி. உள்ளே இருப்பவர்களுக்கு ஜன்னல் கதவைத் திறக்கவே கூச்சம். கடைசியில் ஒருவர் துணிந்து திறக்கிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கப்பா ஞாபகம்தான். மாஸ்டர் வீவர் என்ற நெசவு முதலாளியிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தவர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார். பத்து ரூபாய் பங்குக்கு அம்மாவின் மூக்குத்தி அடகுக்குப் போனது. சைக்கிள் கேரியரில் சங்கத்து நூலைக் கட்டிக்கொண்டு அப்பா தெருவில் வந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் "சங்கம் சோறு போடுமா பாப்போம்" என்று சிரித்தார்கள். அப்பா தலையைத் தூக்கவில்லை. நான் பின்னால் நூல் விழாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்தப் பங்குச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, ஊதா மை வெளுத்துப் போய்.

பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. வாங்கின சரக்குக்குத் தக்க லாபத்தில் பங்கு. இந்த வழக்கம் நிலைத்தது டோட் லேன் கடையில். அதைப் பார்த்துத்தான் 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை திறந்தார்கள். அப்பாவின் பத்து ரூபாய்க்கும் அந்த ஒரு பவுண்டுக்கும் உறவு இல்லை என்று யாராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ராச்டேல் இருந்த லங்காஷயர் மாவட்டத்து மில் துணிதானே நம் தறிகளை அழித்தது என்பார்கள். ஆமாம், அழித்தது. தறிக்குழியில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அழித்தவனும் அந்த 28 பேரும் ஒன்றா? அதே விசைத்தறி முதலில் அழித்தது அவர்களைத்தானே! 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்து அங்கிருந்து வந்துகொண்டிருந்த பஞ்சு நின்றது. மில்கள் மூடின. ராச்டேல் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகன் எட்வின் வா, லங்காஷயர் ஊர்களில் பட்டினி வீடுகளுக்குள் போய்ப் பார்த்து எழுதினார். 1867இல் அது புத்தகமானது. அந்தப் பட்டினிக் காலத்தில்தான் நம் நாட்டுப் பஞ்சு, 'சூரத்' என்ற பெயரில், அங்கே போய்க் குவிந்தது. குட்டை இழை. அறுந்துகொண்டே இருக்கும். அறுந்தால் தறி நிற்கும், முடிச்சுப் போட வேண்டும், நெய்த அளவுக்குத்தான் கூலி. "ஆண்டவரே பஞ்சு கொடும், ஆனால் சூரத் வேண்டாம்" என்று ஜெபத்தின் நடுவே ஒருவர் கத்தியதாக அங்கே ஒரு கதை உண்டு. ஒரு நாளில் இருபது தடவை இழை அறுந்து உட்கார்ந்தவனுக்கு அந்த ஜெபம் புரியும். கை தட்டியவர்களுக்குப் புரியாது.

ஹோலியோக் பிரச்சாரகர், அந்த 28 பேரும் நெசவாளர்களே இல்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள் என்று ஒரு தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார். சரி, எல்லோரும் நெசவாளர்கள் இல்லைதான். அதனால் கடை பொய்யாகிவிடுமா? அந்த வரலாற்றில் புகழ்ச்சி மட்டும் இல்லை தம்பி. 'ராச்டேல் முன்னோடிகள்' என்று பேர் பெற்ற அதே கடைக்காரர்கள் 1854இல் தொடங்கிய கூட்டுறவு மில்லில், புதிதாகப் பங்கு வாங்கியவர்கள் 1862இல் ஓட்டுப் போட்டுத் தொழிலாளியின் லாபப் பங்கை நிறுத்தினார்கள். அதுவும் பதிவாகி இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம், "நம்ம ஊர் வரலாறு". எங்கள் சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களைத் தேடி நான் போனேன். எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். நாற்பது வருடக் கையெழுத்துகள், எங்கப்பா கையெழுத்தும் சேர்த்து, பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கின்றன. ராச்டேலில், பட்டினி கிடந்த மில் தொழிலாளிகளுக்காக 1863இல் நியூயார்க்கிலிருந்து நிவாரணக் கப்பலில் வந்த மாவுப் பீப்பாய் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். வெறும் பீப்பாய்! நம் ஊர் வரலாறு மேல் இவ்வளவு பாசம் உள்ளவர்கள் அந்த எடைக் கடைக்கு ஒரு நடை போயிருக்கலாமே ஐயா. நான் போனேன். கூழாக்க அனுப்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றார் கடைக்காரர்.

இருபது நிமிடப் பேச்சுக்கு நாலு மாதம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஹோலியோக் புத்தகத்தில் ஒரு பிரதி கூடுதலாக வாங்கி, அந்தப் பெரியவருக்குக் கொடுக்கவென்று பேர் எழுதி எடுத்துப் போயிருந்தேன். பையிலேயே திரும்பி வந்தது. பை இன்னும் கதவு ஆணியில்தான் தொங்குகிறது.