கடைமடைக்காரனுக்குக் காமாக் கதிர் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றுகிறது. பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டுவிட்டு, நடுவில் என் மைக்கை வாங்கி, “வாய்க்கால்ல தண்ணி இல்ல, தம்பி காமாக் கதிர் விடுறாரு” என்றார் ஊர்ப் பெரியவர். கூட்டமே சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் அப்படியே கடைசி மடையான நம்ம தலைஞாயிறு வந்து சேருகிறதா? வந்த அளவைப் பார்த்து, வழியில் எவ்வளவு போனதென்று திண்ணையிலேயே கணக்குப் போடுகிறோமே, நான் சொல்ல வந்ததும் அதுதானய்யா! எங்கோ தூரத்துக் கேலக்ஸி நடுவில் ராட்சதக் கருந்துளை. அதன் பக்கத்திலிருந்து நம்மை நோக்கிப் பீய்ச்சும் காமாக் கதிர் (கண்ணுக்குத் தெரியாத, ஆற்றல் மிகுந்த ஒளி), வழியில் விண்மீன் ஒளியோடு மோதினால் எலக்ட்ரான், பாசிட்ரான் என்ற துகள்களாக மாறிக் காணாமல் போகும். எவ்வளவு காணவில்லை என்று பார்த்தால், பிரபஞ்சத்தின் விண்மீன்கள் இதுவரை கொட்டிய ஒளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். தொலைநோக்கியில் தனியாகத் தெரியாத ஆதிகால மங்கல் கேலக்ஸிகளின் ஒளியும் அதில் அடக்கம். கடைமடைக்காரனுக்குப் புரியாத கணக்கா இது?

2008 ஜூன் 11 அன்று ஏவிய ஃபெர்மி தொலைநோக்கி (வழக்கமாக மேட்டூர் திறக்கிற தேதிக்கு முந்தின நாள்!) பார்த்த 739 பிளேசார்களை, அதாவது நம்மை நோக்கிப் பீய்ச்சும் அந்த மாதிரிக் கேலக்ஸிகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டார்கள். விண்மீன்கள் மும்முரமாகப் பிறந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று வந்தது. அது வெளியானது 2018 நவம்பர் 30. அந்த மாதம் 16ஆம் தேதிதான் கஜா. எங்கள் தென்னை அத்தனையும் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோம். யாரோ ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுக் கொடுத்த போனில்தான் இதைப் படித்தேன். அப்பா கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்றார். விவசாயிதான் அவரும். தண்ணீர்க் கஷ்டம் தெரியாதவன் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

“அதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை” என்பவர்களுக்கு: லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் அகலத்தில் நம் மேஸ் தொலைநோக்கி நிற்கிறது. 2024இல் திறந்தார்கள். பார்ப்பது இதே காமாக் கதிரைத்தான். “சோறு போடுமா?” என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

தண்ணீர் கேட்கிற பிள்ளை வானத்தைப் பற்றியும் கேட்கட்டுமே. இரண்டில் ஒன்றுதான் என்று யார் சொன்னது? பெரியவரின் பேரன் சென்னையில் ஐஐடி கோச்சிங்கில் இருக்கிறான். அங்கே போய் மைக்கைப் பிடுங்குவாரா? நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்க்காலும் வரப்பும் போதும், இல்லையா?

போட்ட சால்வையைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன். திமிர் என்று கமெண்ட் வரும். வரட்டும்.