டெண்டர் ரத்து

(ஏஜியன் கடல், ஆகஸ்ட் முதல் வாரம், காலை ஏழரை. எதிரே கிரேக்கத்தின் சாண்டோரினி தீவு. கப்பலின் பெயர் வேண்டாம்.)

சபாபதி: கோமதி, ஷூவைக் கழற்றிவிடு. டெண்டர் ரத்தாம்.

கோமதி: யார் ரத்து செய்தது?

சபாபதி: கேப்டன்.

கோமதி: என்ன காரணம் போட்டிருக்கிறார்? நிர்வாகக் காரணங்களா?

சபாபதி: காற்று.

கோமதி: காற்றா? முப்பத்தொரு வருஷம் கோட்ட அலுவலகத்தில் டெண்டர் பிரிவில் குப்பை கொட்டியவள் நான். மந்திரி மாறினால் ரத்தாகும். மச்சினனுக்குக் கிடைக்காவிட்டால் ரத்தாகும். காற்றடித்து ரத்தானதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். டெண்டர் பெட்டி பறந்துவிட்டதா?

சபாபதி: பெட்டி இல்லை, படகு. கப்பலிலிருந்து கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற படகுக்குப் பெயர் டெண்டர்.

கோமதி: சரி. எத்தனை பேர் போட்டிருந்தார்கள்?

சபாபதி: யாரும் போடவில்லை!

கோமதி: யாருமே போடாத டெண்டர் ரத்தாகத்தானே செய்யும்? இதற்கா ஐந்தரை மணிக்கு எழுப்பிப் புடவை கட்டச் சொன்னீர்கள்?

சபாபதி: உனக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே பண்ணுகிறாய்.

கோமதி: புரிந்துவிட்டது. ஊர் எதிரே நிற்கிறது, நாம் போகமுடியாது. அவ்வளவுதானே? இத்தனை பக்கத்தில் இருக்கிறதே, கப்பலையே கொண்டுபோய்க் கட்டினால் என்ன?

சபாபதி: முடியாது. இது எரிமலை வெடித்து உள்ளே இடிந்து விழுந்த பள்ளம். தண்ணீர் 300 மீட்டருக்கு மேல் ஆழம். நங்கூரம் போட்டால் தரையே தட்டாது. கப்பல் எஞ்சினை ஓட்டிக்கொண்டு மிதந்தபடி நிற்கும். நாம் படகில் போய்ப் பழைய துறையில் இறங்கி, கேபிள் காரிலோ கழுதையிலோ மேலே ஃபிரா என்ற ஊருக்குப் போகவேண்டும். நடந்தால் 600 படிக்குக் கொஞ்சம் குறைச்சல்.

கோமதி: பழனியைவிடக் கம்மி. ஏறிவிடுவேன்.

சபாபதி: படி ஏறுவதில்லை பிரச்சினை, படகு ஏறுவதுதான். அலை அதை ஒரு மீட்டர் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இந்தக் கப்பலில் இருக்கிறவர்கள் வயதைப் பார்த்தாயா?

கோமதி: பார்த்தேன். நேற்று ராத்திரி நடனத்தில் நாம்தான் சின்னஞ்சிறுசுகள். சரி, கேப்டன் செய்தது நியாயம். அவரை விட்டுவிடுவோம். உங்களிடம் வருகிறேன்.

சபாபதி: நான் என்ன செய்தேன்?

கோமதி: எட்டு மாதம் உட்கார்ந்து எந்தக் கப்பல் கம்பெனி தேவலை என்று கம்பேரட்டிவ் ஸ்டேட்மெண்ட் போட்டீர்களே, அந்த ஒப்பீட்டுப் பட்டியலை எடுங்கள்.

(எடுத்தார். எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். விரித்தபோது வெண்ணெய்த் தட்டும் பழச்சாறும் மறைந்தன. பக்கத்து மேசையில் இருந்த என் காபியும் பாதி மறைந்தது.)

சபாபதி: பார். சில்வர்சீயில் எல்லா அறைக்கும் பட்லர். சீபோர்னில், கடற்கரைக்கு அழைத்துப் போகிற அன்று, யூனிஃபாரத்தோடு தண்ணீரில் இறங்கி வந்து கேவியர் பரிமாறுவார்கள். சீட்ரீமில் மொத்தமே 112 பயணிகள், மேல்தளத்தில் நட்சத்திரம் பார்த்தபடி தூங்கலாம். விண்ட்ஸ்டாரில் பாய்மரம். பொனான் பிரெஞ்சுக் கம்பெனி. அவர்களுடைய சில கப்பல்களில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு கூடம் உண்டு. கண்ணாடி வழியாக மீனைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம்.

கோமதி: மீனுக்கும் பொழுது போகவேண்டுமே. பட்லர் என்ன செய்வார்?

சபாபதி: பெட்டியைப் பிரித்து அடுக்கிவைப்பார். ஷூவுக்கு பாலிஷ் போடுவார்.

கோமதி: பாலிஷ் போட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு எங்கே போவது?

சபாபதி: ரீஜண்ட்டில் கரையில் சுற்றிக்காட்டுவதும் கட்டணத்திலேயே அடக்கம்.

கோமதி: அப்படியானால் இலவசமாகக் கொடுத்ததை இலவசமாகவே ரத்து செய்வார்கள். இது என்ன, 'த.வ.'?

சபாபதி: தலையணை வகைகள்.

கோமதி: நாற்பத்தோரு கட்டம் எண்ணினேன். தலையணைக்கு ஒன்று, துண்டின் தடிமனுக்கு ஒன்று, காலை முட்டைக்கு இரண்டு. 'கரையில் இறங்க முடியுமா' என்று ஒரு கட்டம்கூட இல்லை. மதகு கட்டுகிற வேலைக்கு இப்படி ஒரு ஸ்டேட்மெண்ட் போட்டுத் தண்ணீர் வருமா என்பதை மட்டும் விட்டிருந்தால், பென்ஷன் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

சபாபதி: சும்மா இருக்கவில்லை கோமதி, வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஈடாக இன்று ராத்திரி எல்லாருக்கும் ஷாம்பெயின் இலவசம்.

கோமதி: நேற்று எவ்வளவு?

சபாபதி: நேற்றும் இலவசம்தான். எல்லாம் கட்டணத்தில் அடக்கம்.

கோமதி: முந்தாநாள்?

சபாபதி: இலவசம்.

கோமதி: அப்படியானால் இன்றைக்குப் புதிதாக என்ன கொடுக்கிறார்கள்?

சபாபதி: கடிதம்.

கோமதி: பணம் ஏதாவது திரும்பி வருமா?

சபாபதி: துறைமுகக் கட்டணம் வரும். அப்புறம், கிரேக்க அரசு 2025 ஜூலையிலிருந்து கப்பல் பயணிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. கோடையில் சாண்டோரினியிலும் மிக்கோனோஸிலும் ஆளுக்கு 20 யூரோ, மற்ற ஊர்களில் 5. இறங்கினால்தான் உண்டு. இறங்கவில்லை, அதனால் அதுவும் திரும்பும்.

கோமதி: இரண்டு பேருக்கு 40 யூரோ. ஊரைப் பார்க்காமலே சம்பாதித்துவிட்டோம்.

சபாபதி: கையில் தரமாட்டார்கள். கப்பல் கணக்கில் வரவு வைப்பார்கள்.

கோமதி: அதை வைத்துக் கப்பலில் என்ன வாங்கலாம்?

சபாபதி: எல்லாம்தான் இலவசமாயிற்றே.

கோமதி: ஷாம்பெயினும்.

சபாபதி: ஷாம்பெயினும்.

கோமதி: ஒப்பந்தம் என்று ஒன்று இருக்குமே, அதில் என்ன எழுதியிருக்கிறது?

சபாபதி: எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடலாம், மாற்றலாம், அதற்கு ஈடு கேட்கக்கூடாது. பொதுவாக எல்லாக் கப்பல் கம்பெனியும் இப்படித்தான் எழுதும்.

கோமதி: 'பத்து மதகு கட்டித் தருகிறேன். ஏழுதான் கட்டினாலும் பத்துக்குப் பணம் தரவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. ராத்திரி ஷாம்பெயின் உண்டு.' எங்கள் ஒப்பந்தக்காரர்கள் இதைப் படித்தால் இத்தனை வருஷம் வீணாக்கிவிட்டோமே என்று அழுதிருப்பார்கள்.

சபாபதி: எல்லாவற்றுக்கும் ஆபீஸையே இழுக்காதே.

கோமதி: பக்கத்து அறை இங்கிலாந்துக்கார அம்மாள், அவளுடைய இன்ஷூரன்ஸில் தவறிப்போன துறைமுகத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள் என்றாளே. நம்முடையதில் இருக்கிறதா?

சபாபதி: அதற்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

கோமதி: தலையணைக்குக் கட்டம் போட்டவர்! இந்தத் தீவில் இயா என்ற ஊரில் ஒயின் தோட்டம் பார்க்க ஏற்பாடு செய்தீர்களே, அது?

சபாபதி: கப்பல்காரர்கள் இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். அதனால் வெளியே ஒரு ஆளிடம் முன்பணம் கட்டினேன்.

கோமதி: கப்பலிலேயே எடுத்திருந்தால்?

சபாபதி: ரத்தானதும் அவர்களே திருப்பியிருப்பார்கள்.

கோமதி: டெண்டருக்குக் கட்டுகிற முன்வைப்புத் தொகை மாதிரி, இ.எம்.டி. போயிற்று. சரி, எதற்கு இந்த மாதத்தில் எடுத்தீர்கள்?

சபாபதி: கடைசி நேரத்தில் விலையைக் குறைத்தார்கள்.

கோமதி: இது என்ன மாதம்?

சபாபதி: ஆகஸ்ட்.

கோமதி: தமிழில்.

சபாபதி: ஆடி.

கோமதி: ஆடித் தள்ளுபடியில் கப்பல் எடுத்தால் ஆடிக் காற்றும் சேர்ந்துதான் வரும்.

சபாபதி: இது ஆடிக் காற்று இல்லை, மெல்டெமி. பால்கன் பக்கம் காற்றழுத்தம் அதிகம், துருக்கிப் பக்கம் குறைவு. நடுவில் இந்தக் கடலில் வடக்கிலிருந்து இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். பார், வானம் பளிச்சென்று இருக்கிறது, ஒரு மேகம் கிடையாது. காற்று மட்டும் நாள்கணக்கில் நிற்காது.

கோமதி: துருக்கிப் பக்கம் ஏன் அழுத்தம் குறைவு?

சபாபதி: (குரலைத் தாழ்த்தி) நம் ஊர்ப் பக்கம் பருவமழைக் காலத்தில் வருகிற தாழ்வழுத்தம்தான் அதுவரைக்கும் நீள்கிறதாம்.

கோமதி: ஆக, ஆடிக் காற்றேதான். நம்மூரில் அம்மியைப் பறக்கவிட்டது போதாமல் நம் பின்னாலேயே வந்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் உச்சம் என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?

சபாபதி: தெரியும். நாற்பத்திரண்டாவது கட்டமாகப் போட இருந்தேன். தாளில் இடம் இல்லை.

(இதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. சாப்பிட்டார்கள். முட்டை நன்றாகத்தான் இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.)

சபாபதி: சில்வர்சீயில் இந்த முட்டையை...

கோமதி: அதை ஆரம்பிக்காதீர்கள். நேற்று ராத்திரி நம் மேசையில் ஆறு பேர். யாராவது கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா? போன கப்பலில் சூப் சூடாக இருந்தது, அதற்கு முந்தின கப்பலில் துண்டு பெரிது. இந்தக் கப்பலைப் பற்றி அடுத்த கப்பலில் பேசுவார்கள். வெளியே ஒரு எரிமலை இருக்கிறது. அதை ஜன்னல் திரை மாதிரி பார்த்துவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறார்கள்.

சபாபதி: சின்னக் கப்பலின் அருமை உனக்குத் தெரியவில்லை. பெரிய கப்பல் நுழையாத இடத்துக்கெல்லாம் நுழையும். கொரிந்த் கால்வாய் என்று ஒன்று, 6 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அடியில் 21 மீட்டர்தான் அகலம், இரண்டு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்து. 1893-ல் திறந்தது.

கோமதி: நாம் போனோமா?

சபாபதி: நம் கப்பல் ஒரு மீட்டர் அகலம் கூட.

கோமதி: அந்தக் கால்வாய் இப்போது எப்படி இருக்கிறது?

சபாபதி: 2021-ல் சரிவு வந்து மூடினார்கள். அப்புறம் கோடையில் மட்டும் திறந்தார்கள். 1923-லும் சரிந்து இரண்டு வருஷம் மூடிக் கிடந்ததாம்.

கோமதி: சரியாமல்? அந்த உயரத்துக்கு நெட்டுக்குத்தலாக வெட்டினால் மழைக்கு மழை வரத்தான் செய்யும். படிப்படியாக அகட்டி வெட்டியிருக்கவேண்டும். மதிப்பீட்டில் மண் வேலையைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள், வேறென்ன? இந்தச் சரிவை எடுக்க யார் டெண்டர் எடுத்தது, தெரியுமா?

சபாபதி: எனக்கு எப்படித் தெரியும்?

கோமதி: தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்றையும் தெரிந்துகொள்ளாதீர்கள்.

(இந்தப் பயணத்தில் அந்த அம்மாள் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதற்குள் சபாபதி கரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.)

சபாபதி: பாவம், அந்த ஊர்க்காரர்களுக்கும் நஷ்டம். பெரிய கப்பல்கள்கூட நிற்காமல் போய்விட்டன.

கோமதி: அந்தத் தீவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

சபாபதி: பதினைந்தாயிரம் சொச்சம்.

கோமதி: கப்பலில் வருகிறவர்கள்?

சபாபதி: ஒரு நாளைக்கு 8,000-க்கு மேல் கூடாது என்று இப்போது வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கோமதி: இரண்டு பேருக்கு ஒரு விருந்தாளி, தினமும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து சாயங்காலம் போகிறவன். நம் வீட்டுக்கு உங்கள் தம்பி குடும்பம் இரண்டு நாள் வந்ததற்கே எனக்கு ஜுரம் வந்தது. அங்கே யாரும் அழுதுகொண்டிருக்க மாட்டார்கள்.

சபாபதி: கழுதைக்காரர்கள் அழுவார்கள்.

கோமதி: கழுதைகள் அழாது.

(ஒலிபெருக்கியில் அறிவிப்பு. சபாபதி கையை உயர்த்தி மனைவியை அடக்கினார். அடக்கியதாக நினைத்தார்.)

சபாபதி: மூன்று மணிக்கு சிரோஸ் தீவு. எர்மூபோலி. இந்த சைக்லடீஸ் தீவுக்கூட்டத்துக்கே தலைநகர். கப்பல் நேராகத் துறையில் போய்க் கட்டுமாம். டெண்டர் கிடையாது.

கோமதி: டெண்டர் விடாமல் வேலை நடந்தால் எங்கள் ஆபீஸில் சஸ்பெண்ட் செய்வார்கள். இங்கே அதுதான் புண்ணியம். 20 யூரோ ஊர் கழன்றுகொண்டது, 5 யூரோ ஊர்தான் எல்-1, குறைந்த விலைக்காரன். கிளம்புங்கள்.

சபாபதி: நான் வரவில்லை.

கோமதி: ஏன்?

சபாபதி: சிரோஸைப் பற்றி நான் ஒன்றுமே படிக்கவில்லை. எதைப் பார்ப்பது, எது நல்லது என்று தெரியாமல் எப்படி இறங்குவது? அதோடு மூன்றரைக்கு லாப்ஸ்டர் போடுகிறார்கள். நாலரைக்கு அடுத்த பயணம் பதிவு செய்கிற மேசையில் நேரம் வாங்கியிருக்கிறேன். கப்பலிலேயே பதிந்தால் தள்ளுபடி.

கோமதி: ஆடித் தள்ளுபடியா?

சபாபதி: இல்லை, தை மாதம். ஃபாக்லண்ட் தீவுகள். பெங்குவின்!

கோமதி: அங்கே காற்று எப்படி?

சபாபதி: காற்று... எப்போதும் உண்டு.

கோமதி: கப்பல் துறையில் கட்டுமா?

சபாபதி: (தாளை மடித்துக்கொண்டே) பட்லர் உண்டு கோமதி.

கோமதி: கட்டுமா?

சபாபதி: டெண்டர்.

கோமதி: என் ஷூ எங்கே?