ரவிக்கைதான் உங்கள் பிரச்சினையா?

சனிக்கிழமை நான் போட்ட படம் இப்போது என் பக்கத்தில் இல்லை. ஏன் இல்லை என்று உங்களுக்கே தெரியும். உள்பெட்டியில் வந்து “என்ன ஆச்சு” என்று கேட்காதீர்கள், மறுபடி முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை. 200 வருடத்துக்கு முந்தைய தஞ்சாவூர் ஓவியம். ஒரு குயவர், பக்கத்தில் அவர் மனைவி, அவள் இடுப்பில் ஒரு பானை. முந்தானை உண்டு, ரவிக்கை இல்லை. அவ்வளவுதான். “வெள்ளைக்காரன் கற்பனை” என்று கூடிப் புகார் கொடுத்துத் தூக்க வைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் காசுதான் கொடுத்தான் ஐயா, வரைந்தது நம் ஊர் முச்சியர்கள், படம் எழுதுவதே தொழிலாக இருந்தவர்கள். 1799இல் சரபோஜி மன்னரிடமிருந்து தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டும் அவருக்கு மிச்சம். வந்த துரைமார்கள் ஊருக்கு எடுத்துப்போகப் படம் கேட்டார்கள். பலகையில் சாமிக்குத் தங்க ரேக்கு ஒட்டிக்கொண்டிருந்த கைகள், சீமைக் காகிதத்தில் நாவிதரையும் வண்ணாரையும் கள் இறக்குகிறவரையும் வரைந்தன. புருஷன் பெண்டாட்டி ஜோடியாக, கையில் அவரவர் தொழில் கருவியோடு. அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சிலவற்றில் ஆலையின் பெயரும் வருடமும் நீர்க்குறியாகத் தெரியும். காலத்தைக் கணிக்க அது ஒரு பிடி.

அதற்கு முன்னால் இவர்களை யார் உட்கார்ந்து வரைந்தார்கள்? கோயில் சுவரில் சாமி இருக்கிறது, ராஜா இருக்கிறார். வண்ணாரின் மூட்டை எங்கே? குயவர் மனைவி சேலை கட்டின விதம் எங்கே?

“சாதிவாரியாக மனிதர்களை அடுக்கிய காலனியப் பட்டியல்தானே?” என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, உண்மைதான். அதை இன்னொரு நாள் பேசுவோம். “எல்லாம் ஒரே அச்சு, ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்தது” என்றார் இன்னொருவர். ஆமாம், தொழில் அப்படித்தான். உங்கள் கல்யாண ஆல்பமும் பக்கத்து வீட்டு ஆல்பமும் வேறு வேறாகவா இருக்கின்றன?

ரவிக்கை போட்ட பெண்களும் இந்த ஓவியங்களில் உண்டு. இருந்ததை வரைந்தார்கள். அதே வருடங்களில் லண்டன் சீமாட்டிகள் மார்புக்குக் கீழே கட்டிய மெல்லிய மஸ்லின் கவுனோடு குளிரில் நடந்தார்கள், மேலே ஒரு காஷ்மீர் சால்வை. அதைப் பார்த்து யாரும் புகார் கொடுப்பதில்லை. அது ஃபேஷன், நம் குயவச்சி மட்டும் அசிங்கம். அப்புறம் “மானம்” என்று எழுதியவருக்கு ஒன்று: அந்தக் காலத்தில்தான் தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை போட்டதற்காக அடிபட்டார்கள். 1859 வரை போராடினார்கள். மூடிக்கொள்வதும் எல்லோருக்கும் கிடைத்த உரிமை இல்லை.

என் அப்பாயி சாகும்வரை ரவிக்கை போடவில்லை. வளர்த்த காது, வெள்ளைச் சேலை. வயலிலிருந்து வந்தால் முந்தானையாலேயே முகம் துடைத்துவிட்டு எனக்கு மோர் ஊற்றுவார். கடைசிக் காலத்தில் போட்டோ எடுக்க ஆள் வந்தபோது அத்தை தன் ரவிக்கையை மாட்டிவிட்டார். தோள் இறுக்க, கையைத் தூக்க முடியாமல், யாரையோ போல உட்கார்ந்திருக்கிறார். எங்களிடம் இருப்பது அந்த ஒரு படம்தான். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அதில் இருப்பது அப்பாயி இல்லை.

நீங்கள் தூக்க வைத்த படத்தில் அந்தப் பெண் பானையை இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்த விதம் இருக்கிறதே, அது அப்பாயி. அதனால்தான் போட்டேன். சனிக்கிழமை இதைச் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை.

நாளைக் காலை அதே படத்தை மறுபடி போடுகிறேன். புகார் கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொள்ளுங்கள்.