வாங்குவதற்கு முன் வகுப்பைக் கேளுங்கள்

கல்லூரிக்குப் புதிதாக ஒரு கற்றல் செயலி வாங்கலாமா வேண்டாமா என்பதை, அதை வைத்துப் பாடம் நடத்தப்போகிற ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்களிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். கம்பெனிக்காரர் வருவார், செமினார் ஹாலில் புரொஜெக்டர் போட்டு ஓட்டிக் காட்டுவார், நிர்வாகம் கையெழுத்துப் போடும். கல்லூரி திறந்ததும் ஆசிரியர் கைக்கு ஒரு யூசர் ஐடி வரும்.

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர் பல்லைப் பார்க்காமல், முதுகைத் தடவிப் பார்க்காமல் பணத்தை எடுக்கமாட்டார். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கும் மென்பொருளுக்கு அந்த அளவு சோதனைகூட நடப்பதில்லை.

நிர்வாகங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஐசிடி, அதாவது கணினி, இணைய வசதியுள்ள வகுப்பறைகள் உண்டா என்று கேட்கிறார்கள். ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் பாடத் தளம் வழியாக 20 விழுக்காடு வரை கிரெடிட் எடுக்கலாம் என்று 2016-இல் சொன்ன பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), 2021-இல் அதை 40 ஆக்கியது. வசதி இருக்கிறதா என்ற கேள்வி மேலிருந்து வந்துகொண்டே இருக்கும்போது, பிள்ளைகள் அதில் என்ன கற்றார்கள் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. அதை நாம்தான் முன்னால் கொண்டுவர வேண்டும்.

நான் வேதியியல் நடத்துகிறவள், அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ் என்ற இணைய ஆய்வகம் இலவசமாகக் கிடைக்கிறது. தனியார் செயலிகளும் நிறைய இருக்கின்றன. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷன் திரையில் அழகாகத்தான் இருக்கும். பட்டனைத் தட்டினால் சொட்டு விழும், சரியான இடத்தில் நிறம் மாறும், கணக்கும் வந்துவிடும். நிஜ லேபில் ஒரு கை பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழலின் திருகைத் திருக வேண்டும், இன்னொரு கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறங்காட்டியான பினால்ப்தலீன் லேசான ரோஸ் காட்டுகிற அந்த நொடியில் நிறுத்தத் தெரிய வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் அளவு தவறிவிடும். அந்தக் கைப்பழக்கத்தைத் திரை தராது. ஆனால் லேபுக்கு முந்தின நாள் அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு எதற்குப் பிறகு எது என்ற பதற்றம் இருக்காது. முன்பயிற்சிக்கு அருமையான பொருள் அது. லேபுக்குப் பதிலாக வைத்தால் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பாடம் நடத்திய கண் வேண்டும், விலைப்புள்ளியை ஒப்பிட்டால் தெரியாது.

2018-இல் கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், ஆசிரியர்களே மின்கற்றல் கருவிகளை எடைபோட ஒரு மதிப்பீட்டு அட்டவணை வெளியிட்டார்கள். செயல்பாடு, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல், தொழில்நுட்பத் தேவை, மொபைலில் எப்படி, தரவுப் பாதுகாப்பு என்று போய், மாணவர்கள் தங்களுக்குள் பழக வழி உண்டா, ஆசிரியர் வழிநடத்த முடிகிறதா, சிந்திக்க வைக்கிறதா என்பதுவரை எட்டுத் தலைப்புகள். நன்றாக இருக்கிறது, சிறு குறை, பெருங்குறை என்ற அளவில் குறித்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. அணுகலில் பெருங்குறை உள்ள செயலி மற்ற ஏழில் தேறினாலும் நமக்கு வேண்டாம். பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிற ஊர் பாளையங்கோட்டை. அங்கிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்பில்தான் உட்காருகிறார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற இலவச ஸ்கிரீன் ரீடரைப் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, ஒரு தேர்வை எழுதி முடிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிற நாட்டில் இதை யாரிடமும் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று நான் சேர்க்கும் சோதனை, வகுப்பிலேயே விலை குறைந்த போன் எதுவோ அதில் போட்டுப் பார்ப்பது. முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலருடைய வீட்டில் அம்மா பீடி சுற்றித்தான் படிக்க வைக்கிறார்கள். ஒரே போன், அண்ணனும் தங்கையும் மாறி மாறி. "மேடம், எங்க வீட்டுல மாடியில ஏறி நின்னாத்தான் டவர் கெடைக்கு, இருட்டிட்டா அம்மா மேல போக விடமாட்டாவ" என்றாள் ஒரு பெண். ராத்திரி பதினொன்றரைக்குள் வீடியோ பார்த்துப் பதில் போடச் சொல்லும் செயலியில் அவள் சோம்பேறி என்று பதிவாகும். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தது. அந்தத் தேவை ஏப்ரலோடு தீர்ந்துவிடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்டும் டவரும் போனதை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் படிக்க முடியுமா என்று கம்பெனிக்காரரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

தரவு விஷயத்தில் ஒன்று. முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த ஒப்புதலை வாங்கப்போவது கல்லூரியா, கம்பெனியா? ஒப்பந்தம் முடிந்தபின் நாம் ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்த கேள்வித் தொகுப்பு யார் கையில் இருக்கும்? மூடில் போன்ற, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூலக் கற்றல் மென்பொருளைச் சொந்த சர்வரில் வைத்தால் இந்தக் கவலை பாதி குறையும், பராமரிக்க ஆள் வேண்டும் என்ற செலவு கூடும். இரண்டையும் மேசையில் வைத்துப் பேசட்டும்.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யுஜிசி கணக்கு. அதற்கு மேல் அட்மிஷன், தேர்வுப் பணி, நாக் கோப்பு. இத்தனைக்கும் நடுவில் செயலியையும் ஆராயுங்கள் என்றால் கடமைக்கு டிக் போட்டுத்தான் கொடுப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். சோதிக்கும் பருவத்தில் அந்த ஆசிரியருக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள். ஒரு தாள், ஒரு அலகு, ஒரு வகுப்பு போதும். இரண்டு வாரம் கழித்து, செயலியைத் தொடாமல், வெள்ளைத் தாளில் ஒரு சின்னத் தேர்வு வைக்கட்டும். பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கேட்கட்டும். வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தால் வாங்கக்கூடாது. அந்த அதிகாரம் இல்லாமல் கருத்துக் கேட்பது வீண் வேலை.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நான்கு மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய். ஒரு கல்லூரி சோதித்து எழுதியதை மற்ற கல்லூரிகள் படிக்கும்படி ஒரு பொது இடத்தில் பல்கலைக்கழகம் சேர்த்து வைத்தால், ஒரே டெமோவை நாகர்கோவிலிலும் கோவில்பட்டியிலும் தனித்தனியாகப் பார்த்து ஏமாற வேண்டியிருக்காது. நான் பயன்படுத்தும் கேள்விகளைத் தமிழில் ஒரே பக்கத் தாளாக்கி வைத்திருக்கிறேன். எந்தத் துறை ஆசிரியர் கேட்டாலும் அனுப்புகிறேன், உங்கள் பாடத்துக்கு ஏற்ப வெட்டியும் சேர்த்தும் கொள்ளுங்கள்.