மாலை போட்டு மூன்றாம் நாள்

கார்த்திகை பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்: "இந்த வருஷம் மாலை போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்." அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை. மாலை போட்டு, அதோடு குடியைத் தலைமுழுகியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் வருஷக்கணக்காக தினமும், அதுவும் விடிந்ததும் குடிக்க ஆரம்பிக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், குருசாமியிடம் போவதற்கு முன்னால் அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சித்தப்பா நாமக்கல்லில் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். உடம்பு ஒத்துழைக்காமல் வண்டியை விட்டு இறங்கிய பிறகு குடி இன்னும் கூடிவிட்டது. காலையில் டீ டம்ளரைப் பிடித்தால் கை ஆடும். ஒரு கட்டிங் உள்ளே போனதும் ஆட்டம் நின்றுவிடும். நாங்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டோமே தவிர, அந்த ஆட்டம் எதற்கான அறிகுறி என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டார். யாரும் வற்புறுத்தவில்லை, அவராகவே எடுத்த முடிவு. சித்தி அழுதே விட்டார். அன்று சாயங்காலமே கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்ததால் குளிர் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் வேட்டி நனைகிற அளவுக்கு வேர்வை, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குச் சித்தி போன் செய்தார். "கண்ணு, உங்க சித்தப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு, கொஞ்சம் ஓடியா."

நான் போனபோது அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டீயரிங்கை வளைத்துக்கொண்டிருந்தார். வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. "பிரேக் புடிக்க மாட்டேங்குது, எல்லாத்தையும் ஓரமாப் போகச் சொல்லு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. நடுநடுவே கையை எடுத்து, வேட்டியில் ஊர்கிற எறும்புகளைப் பொறுக்கிப் போட்டார். எறும்பு ஒன்றுகூட இல்லை.

தெய்வக் குத்தம் என்றார் ஒருவர். காத்துக் கருப்பு என்றார் இன்னொருவர். மந்திரித்த தண்ணீர் வந்தது, திருநீறு வந்தது. அந்த ஒரு ராத்திரியை நாங்கள் அப்படியே வீணடித்தோம். விடியும் நேரத்தில் வலிப்பு வந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்பக் குடிச்சார்?" என் அப்பாயி முந்திக்கொண்டு, "மாலை போட்டிருக்கான் சாமி, அதெல்லாம் தொடமாட்டான்" என்றார். அது பொய் இல்லை. மூன்று நாளாக அவர் தொடவில்லைதான். ஆனால் அதற்கு முந்திய பத்து வருஷத்தை அந்தப் பதில் மறைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மாலையும் கழுத்துமாக இருக்கிறவரைக் குடிகாரர் என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். கொஞ்ச நேரம் கழித்து நான்தான் டாக்டரைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அதன் பிறகே சரியான ஊசி போட்டார்கள்.

பிறகு அந்த டாக்டர் எனக்குப் புரிய வைத்தது இதுதான். மூளையில் வேகத்தைக் கூட்டுகிற ஒரு ரசாயனம் இருக்கிறது, குளுட்டமேட். வேகத்தைக் குறைக்கிறது ஒன்று, காபா. மது உள்ளே போனால் காபாவின் பிடி இறுகும், குளுட்டமேட் அடங்கும். அதனால்தான் குடித்தவருக்குப் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, கவலை மறந்த மாதிரி இருக்கிறது. இதே கதை தினமும் நடந்தால் மூளை சும்மா இருக்காது. யாரோ எந்நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தெரிந்து, அதைச் சமாளித்து வண்டியை ஓட்ட ஆக்சிலேட்டரை அழுத்திப் பழகிவிடும். பிரேக்கும் தேய்ந்துவிடும். இப்படியே வருஷங்கள் போன பிறகு, ஒரே நாளில் மதுவை நிறுத்தினால் என்ன ஆகும்? மிதித்திருந்த கால் சட்டென்று எடுக்கப்படுகிறது, ஆக்சிலேட்டர் மட்டும் அழுந்தியபடியே இருக்கிறது. சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து சொன்னது அவர் மூளையின் நிலைமையைத்தான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் வரும், சிலருக்கு அதற்குப் பிறகும் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இந்தப் பிதற்றல் வரலாம். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களை வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிரே போகலாம். ஹெராயினை நிறுத்துகிறவர் படுகிற வேதனையைப் பார்க்கவே முடியாது, ஆனால் நிறுத்துவதே நேரடியாக உயிரை எடுக்கிற ஆபத்து அதைவிட மதுவில்தான் அதிகம். கடையில் லைசென்ஸோடு விற்கிற பொருள்தானே என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம்.

பி1 என்ற வைட்டமினையும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் அந்த வைட்டமினைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அது தீர்ந்துபோனால் கண் நிலைகொள்ளாமல் ஆடும், நடை தடுமாறும், புத்தி குழம்பும். 1881-லேயே கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் டாக்டர் இந்த அறிகுறிகளை எழுதி வைத்துவிட்டார். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். சோர்ந்து கிடக்கிறார் என்று தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கிற பி1-ம் அதில் செலவாகிவிடும். அதனால் அங்கேயும் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள்.

2020 ஊரடங்கு நினைவிருக்கிறதா? மார்ச் 24 சாயங்காலம் டாஸ்மாக் மூடியது, மே 7 அன்றுதான் திறந்தது. வாசலில் நின்ற கூட்டத்தை டிவியில் பார்த்து நாடே காறித் துப்பியது. நானும் திட்டினேன். இடைப்பட்ட நாட்களில் எத்தனை வீடுகளில் மூன்றாம் நாள் ராத்திரி விடிந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கேரளாவில் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவு போட்டது. டாக்டர்களே எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றமும் தடை விதித்தது. எதிர்த்தது சரிதான் என்பேன். இதற்கு மருந்து இருக்கிறது. டயஸிபாம், குளோர்டயசெபாக்சைடு மாதிரியான மாத்திரைகள் காபாவைத் தாங்கிப் பிடிக்கும். சில நாட்களுக்கு டாக்டர் கண்காணிப்பில் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நாமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது, அதுவும் பழகிவிடும். நம் மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கோ 14446-க்கோ போன் செய்து கேட்கலாம்.

சுவரெல்லாம் ஒட்டியிருப்பார்களே, "அவருக்கே தெரியாமல் குடியை மறக்கச் செய்யும் பவுடர்" என்று. குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், மேலே குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் அடியோடு இறங்கும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட்டால் அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் விஷம் வைப்பதற்குச் சமம். எங்கள் சித்தியும் ஒரு பொட்டலம் வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார். நல்லவேளை, கலக்கவில்லை.

சித்தப்பா பிழைத்து வந்தார். தை முடிகிற வரை நன்றாக இருந்தார். அப்புறம் ஒருநாள் பழைய டிரைவர் ஒருவரோடு பரோட்டாக் கடைக்குப் போனவர், ஆம்லெட் வாசனைக்கே வாயில் எச்சில் ஊறி, கால் தானாக எதிர்க்கடைக்குப் போய்விட்டது என்றார். "சத்தியமா நான் குடிக்கணும்னு போகல" என்று அழுதார். அன்றைக்கு நாங்கள் யாரும் நம்பவில்லை. மதுவோடு சேர்ந்து பழகிய இடம், ஆள், வாசனை எல்லாவற்றையும் மூளை டோபமைன் என்ற இன்னொரு ரசாயனத்தின் மூலம் பதித்து வைக்கிறது. எத்தனை மாதம் கழித்தும் அதில் ஒன்று எதிர்ப்பட்டால் போதும், "வேணும்" என்ற துடிப்பு கிளம்பிவிடும். யோசித்துத் தடுக்க வேண்டிய முன்மூளையோ குடியால் ஏற்கெனவே சோர்ந்திருக்கிறது. இது தெரிந்திருந்தால் அவரைத் திட்டியிருக்க மாட்டோம், அந்தக் கடைப் பக்கம் தனியாக விட்டிருக்கவும் மாட்டோம்.

இரண்டாம் முறை நாங்களாகவே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். குடியை நிறுத்துவதற்கு முன்னாலேயே. புது டாக்டர், அதே கேள்வி. இந்த முறையும் அப்பாயிதான் முந்திக்கொண்டார்.

"தினமும் ஒரு ஆஃப் சாமி. விடிஞ்சதும் ஆரம்பிச்சுருவான். பத்து வருஷமாச்சு. எழுதிக்கோங்க."