குடியை வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் போதுமா? பரவும் தகவல் தவறு

"மனஉறுதி இருந்தால் போதும், மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தால் குடிப்பழக்கம் போய்விடும், டாக்டரெல்லாம் வேண்டாம்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. தயவுசெய்து பகிராதீர்கள். எப்போதாவது குடிப்பவர் நிறுத்தினால் பிரச்சினை இல்லை, ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். நாள்பட்டுக் குடிக்கும்போது அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடுகிறது, மதுவைச் சட்டென்று நிறுத்தியதும் அந்த வேகம் மட்டும் கட்டுப்பாடில்லாமல் மிஞ்சுகிறது. சில மணி நேரத்திலேயே வியர்க்கும், தூக்கம் வராது, டம்ளரை இரண்டு கையால் பிடித்தாலும் தண்ணீர் சிந்தும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் சிலருக்கு மனக்குழப்பம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரும், இதைத்தான் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். அந்தச் செய்தி பல்லைக் கடிக்கச் சொல்வதும் இதே மூன்று நாளைத்தான்!

சரி, என்ன செய்வது? நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்து உண்டு, தயமின் (வைட்டமின் பி1) கொடுப்பார்கள், அப்புறம் குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை இருக்கின்றன. பேசத் துணை வேண்டுமென்றால் 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அமைப்பு) குழுக்கள் பல நாடுகளில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. ஏற்கனவே நிறுத்திவிட்டவருக்கு வலிப்போ குழப்பமோ வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.